சொட்டாத குழாய்கள்

எங்கள் வீட்டுப் பின்பக்கத்துக் கல்சுவரில் கோளாறு இருப்பதைக் கண்டுபிடித்தவர் அப்பா. அவர் தோட்டத்தில் 31 வருடம் வேலை செய்தவர். அதில் பாதிக் காலம் கான் வெட்டியவர். தேயிலை மலையில் மண் கரைந்து ஓடாமல் இருக்கக் குறுக்கே வெட்டி விடுவார்களே, அந்தக் கான். 2021 நவம்பரில் ஒரு பின்னேரம், மூன்று மணித்தியாலம் விடாமல் கொட்டிய மழை ஓய்ந்ததும் பின்பக்கம் போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை. தேத்தண்ணி ஆறிப்போகிறதே என்று கூப்பிடப் போனேன். சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

“ஏம்மா, இந்தக் குழாய் ஒன்னுலயும் தண்ணி சொட்டலையே. எப்பவும் இப்படித்தானா?”

அந்த வீட்டுக்கு நாங்கள் வந்து ஐந்து வருடம் ஆகியிருந்தது. சுவருக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள மூன்றடி இடைவெளியில் தினமும் போய் வருகிறேன். விறகு அங்கேதான் இருக்கிறது. ஆனால் குழாய் சொட்டுகிறதா என்று ஒரு நாளும் பார்த்ததில்லை.

டிக்கோயாப் பக்கம் சமதரையில் காணி கிடைப்பது லேசில்லை. எங்களுடையது 10 பேர்ச். மலையை வெட்டி இடம் எடுத்துத்தான் கட்டினோம். வெட்டிய பக்கம் மண் சரியாமல் இருக்க 42 அடி நீளத்துக்கு, 9 அடி உயரத்துக்குக் கருங்கல் சுவர். முழங்கால் உயரத்தில் வரிசையாக ஒன்பது பிவிசி குழாய் வாய். பின்னால் மண்ணில் ஊறும் தண்ணீர் அந்த வழியாக வெளியே வர வேண்டும், அதற்குத்தான் அவை.

அப்பா ஒரு பழைய குடையைக் கேட்டார். அதிலிருந்து ஒரு கம்பியை உடைத்தெடுத்து, முதல் குழாய்க்குள் விட்டார். நாலு விரல் அளவு போனது. ‘டக்’ என்று நின்றது. வெளியே இழுத்து, கம்பியில் நகத்தால் அடையாளம் வைத்து என்னிடம் காட்டினார். இரண்டாவது குழாய், மூன்றாவது குழாய் என்று ஒன்பதிலும் விட்டோம். மூன்று அங்குலம், நாலு அங்குலம், ஒன்றில் மட்டும் ஐந்து. கம்பி நுனியில் ஈரமண் ஒட்டவில்லை. வெள்ளையாகச் சீமெந்துத் தூள்தான் ஒட்டி வந்தது. சுவரின் தடிப்போ இரண்டரை, மூன்று அடி. அதாவது, குழாய் சுவருக்குள்ளே போகவே இல்லை. வெளியில் துண்டு துண்டாக வைத்து, சுற்றிப் பூசி விட்டிருக்கிறார்கள்.

அப்புறம் அப்பா ஒரு நூலில் கல்லைக் கட்டி, சுவரின் மேல் விளிம்புக்கு வெளியே ஒரு கம்பை நீட்டி அதிலிருந்து தொங்கவிட்டார். சுவரின் முகம் மேலே போகப் போக மண் பக்கம் லேசாகச் சாய வேண்டும். அதனால் நூல் அடியில் மட்டும்தான் சுவரைத் தொட வேண்டும். நடுப்பகுதியில் சுவர் முன்னுக்கு வந்து நூலைத் தள்ளிக்கொண்டு நின்றது. இரண்டு ஓரத்திலும் அளந்து பார்த்து ஒப்பிட்டால், நடுவில் 2 அங்குலத்துக்கு மேல் வயிறு தள்ளியிருக்கிறது. பின் அறை அலுமாரியில் உடுப்பெல்லாம் பூஞ்சணம் பிடித்த வாசம் வருவது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களோடு மண் இறங்கியதை மலையகத்தில் யார் மறப்பார்கள்? எங்கள் சுவரின் அளவு அதற்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. ஆனால் சுவருக்கு அடுத்த அறையில் தூங்குவது என் பிள்ளைகள்.

கோபத்தில் அடுத்த நாள் விடிந்ததும் பாஸுக்குப் போன் எடுத்தேன். கட்டிய மேசன் பாஸ் யாரோ எவரோ இல்லை, பக்கத்துத் தோட்டத்துக்காரர். அவருடைய மூத்த மகள் என்னிடம் படித்தவள். “இப்படி ஏமாத்திட்டீங்களே பாஸ், எங்க பிள்ளைங்க செத்தா நீங்க பொறுப்பா?” என்றுதான் பேச்சையே தொடங்கினேன். அவர் ஒரு நிமிடம் கேட்டார். “அஞ்சு வருஷத்துக்குப் பொறகு வந்து சொல்றீங்க டீச்சர். மழை அப்படி பெய்யுது, நான் என்ன செய்ய?” என்று வைத்துவிட்டார். அதற்குப் பிறகு மூன்று வாரம் என் போனை எடுக்கவே இல்லை.

அந்த மூன்று வாரமும் என் வாயால் போனது. செத்தால், பொறுப்பு, ஏமாற்று என்ற சொற்களை ஒரு மனிதனிடம் சொன்ன பிறகு, அவன் ‘ஆமாம், பிழைதான்’ என்று சொல்ல வழியே இல்லாமல் போகிறது. முதல் போனில் “பாஸ், சுவர் கொஞ்சம் வெளியே வந்த மாதிரி தெரியுது, ஒருக்கா வந்து பாத்துட்டுப் போங்க” என்று மட்டும் சொல்லியிருந்தால், அந்த ஞாயிற்றுக்கிழமையே வந்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன்.

என் கணவர் கொழும்பில் கடையொன்றில் வேலை, மாதம் ஒரு தடவைதான் வருவார். அவர்தான் போனில் சொன்னார்: “சண்டையைப் பொறகு பாத்துக்கலாம், முதல்ல பிள்ளைங்கள முன் அறைக்கு மாத்து.” மாற்றினோம். பிறகு, ஓய்வு பெற்ற டீ.ஓ. (தொழில்நுட்ப உத்தியோகத்தர்) ஒருவரைக் கூட்டி வந்தோம். பாதை வேலைகளில் எத்தனையோ தாங்கு சுவர்களைப் பார்த்தவர். அவர் சொன்னதில் இரண்டு விஷயம் என் மனதில் அப்படியே நிற்கிறது.

ஒன்று, தண்ணீரின் பாரம். சுவரைத் தள்ளுவது மண் மட்டும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். 9 அடி உயரத்துக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி நின்றால், அடியில் ஒவ்வொரு சதுர மீற்றருக்கும் கிட்டத்தட்ட 2.7 தொன் அழுத்தம் தண்ணீரால் மட்டும் வருமாம். மண்ணின் தள்ளல் அதற்கு மேலே. வெறும் மண்ணைத் தாங்க நினைத்துக் கட்டிய சுவருக்கு அந்தக் கணக்கே தெரியாது.

மற்றது, நான் செய்ய நினைத்திருந்த காரியம். அலவாங்கால் அன்றைக்கே நாலு ஓட்டை போட்டுத் தண்ணீரை வெளியே விடலாம் என்று பக்கத்து வீட்டுப் பையன்களிடம் சொல்லி வைத்திருந்தேன். “தொடவே தொடாதீங்க டீச்சர்” என்றார். வயிறு தள்ளிய சுவரில் ஓங்கி அடித்தால் அந்த அதிர்ச்சியிலேயே கல் இறங்கிவிடலாம். முதலில் மேலே இருந்து வரும் தண்ணீரைத் தடுக்க வேண்டும். ஆகவே அப்பா, 68 வயதில், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு சுவருக்கு மேல் ஆறடி தள்ளிக் குறுக்கே ஒரு கான் வெட்டினார். அந்தக் கானுக்கும் சுவருக்கும் நடுவே தறப்பாள் விரித்துக் கல் வைத்தோம். விரிசல் கண்ட இரண்டு இடத்தில் ஒரு சாண் கண்ணாடித் துண்டைக் குறுக்கே வைத்து, இரு முனையையும் சீமெந்தால் ஒட்டி, திகதி எழுதினோம். சுவர் அசைந்தால் கண்ணாடி வெடிக்கும். ஒன்று 19ஆம் நாள் வெடித்தது. அதைப் படம் எடுத்து வைத்தேன். பிறகு அந்தப் படம் ஆயிரம் பேச்சுக்குச் சமமாக இருந்தது.

கிராம சேவகரிடம் சொல்லி, பிரதேச செயலகம் வழியாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் ஒரு கடிதம் கொடுத்தோம். மலை மாவட்டங்களில் சரிவில் வீடு கட்ட முன் அவர்களுடைய அறிக்கை வேண்டும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டிய பிறகும் விரிசல், சாய்வு, புதிதாக ஊற்றுக் கிளம்புவது என்று கண்டால் வந்து பார்க்கச் சொல்லிக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. வந்து பார்த்தவர்கள், மலையே இறங்குகிற அடையாளம் இல்லை, பழுது சுவரோடு நிற்கிறது என்றார்கள். அன்றைக்குத்தான் நான் சரியாகச் சாப்பிட்டேன்.

அதன்பிறகுதான் காகிதங்களைத் தேடினேன். ஒரு பிஸ்கட் டின்னில் எல்லாம் கிடந்தது. முதலாவது, பாஸோடு 2016 மார்ச்சில் எழுதிய உடன்படிக்கை. சீ.ஆர். கொப்பியில் கிழித்த ஒற்றைத்தாள். கொந்தராத்து கூலிக்கு மட்டும், சாமான் நாங்கள் வாங்கிக் கொடுப்பது. அதில் என் கையெழுத்தில் ஒரு வரி: ‘பின் பக்கம் கருங்கல் சுவர், நீளம் 42 அடி, உயரம் 9 அடி, தண்ணீர் போகக் குழாய் வைத்து.’ ஏதோ ஒரு ஞாபகத்தில் எழுதிய அந்தக் கடைசி நாலு சொல்தான் பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது. இரண்டாவது, ஹாட்வெயார் கடை பில். இரண்டு அங்குலக் குழாய், 13 அடி நீளம், இரண்டு. ஒன்பது குழாயும் சுவரை ஊடுருவிப் போக அவ்வளவும் தேவை. சுவரில் இருந்த துண்டுகளை எல்லாம் சேர்த்தால் மூன்று அடி வரும்.

மூன்றாவது காகிதம் என்னைத் தலைகுனிய வைத்தது. 2016இல் கட்டட அனுமதிக்காக எடுத்த அந்த மண்சரிவு அறிக்கையிலேயே, சுவருக்குப் பின்னால் வடிகால் வைக்க வேண்டும், மேற்பரப்புத் தண்ணீரைக் கான் கட்டித் திருப்ப வேண்டும் என்று தெளிவாக இருந்தது. அதை நான் பிரதேச சபைக்குக் கொடுக்க ஒரு பிரதி எடுத்துவிட்டு, அலுமாரியில் வைத்துப் பூட்டியிருக்கிறேன். பாஸிடம் காட்டவே இல்லை. வேலை செய்கிறவருக்குப் போய்ச் சேராத நிபந்தனையால் யாருக்கு என்ன பயன்?

இன்னொன்றும் என் பக்கத்தில் இருந்தது. 2019இல் வரட்சிக்காக, சுவருக்கு மேலே 1,000 லீற்றர் தண்ணீர்த் தாங்கி ஒன்று வைத்தோம். அது நிரம்பி வழியும் குழாயை அப்படியே மண்ணில் விட்டிருந்தோம். பாஸோடு உட்காருவதற்கு முன்பே இந்த இரண்டையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். அவர் வாயால் அது வெளியே வருவதை விட என் வாயால் வருவது நல்லது என்று டீ.ஓ. ஐயாதான் சொல்லித் தந்தார்.

ஹட்டனில் ஒரு வழக்கறிஞரையும் பார்த்தேன். நம் நாட்டில் இதற்கான காலவரையறை 1871ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்து வருகிறது. எழுத்து ஒப்பந்தம் என்றால் ஆறு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். வாய்ப்பேச்சு என்றால் மூன்றே வருடம். சுவர் வேலை முடிந்தது 2016 ஓகஸ்ட். அந்த ஒற்றைத்தாள் இல்லாவிட்டால் 2019இலேயே கதை முடிந்திருக்கும். இருப்பதால் இன்னும் எட்டு, ஒன்பது மாதம் இருக்கிறது. ‘பேசிக்கொண்டு இருக்கிறோம்’ என்பதற்காகக் காலம் நின்று தராது, அவர் இழுத்தடித்தால் 2022 ஓகஸ்டுக்கு முன் என்னிடம் வாருங்கள் என்று அழுத்திச் சொன்னார். சின்னத் தொகைப் பிணக்குகள் நீதிமன்றத்துக்குப் போகுமுன் மத்தியஸ்த சபைக்குப் போக வேண்டும் என்பதையும் அவர்தான் விளக்கினார். அங்கே தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள், இரண்டு பேரையும் உட்கார வைத்து இணங்க வைக்கப் பார்ப்பார்கள். இணங்காவிட்டால் அதற்கு ஒரு சான்றிதழ் தருவார்கள், அதோடு வழக்குக்குப் போகலாம்.

கேட்டுக்கொண்டு வந்தேன். ஆனால் வழக்கு எனக்கு வேண்டாம். எனக்கு வேண்டியது சுவர். வழக்கு முடிகிற வரை மழை காத்திருக்குமா? டிக்கோயாவில் மே மாதம் தென்மேல் பருவமழை பிடித்தால் செப்டெம்பர் வரை விடாது. அதற்கு முன் வேலை நடக்க வேண்டும்.

பழுதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதினேன். எந்தத் திகதியில் என்ன பார்த்தோம், எத்தனை அங்குலம், டீ.ஓ. என்ன சொன்னார், என்ன செய்து தர வேண்டும் என்று கேட்கிறோம் என்பது மட்டும். ஒரு இடத்திலும் ‘ஏமாற்றினீர்கள்’ என்ற சொல் இல்லை. அதைப் பதிவுத் தபாலில் போடப் போனபோது அப்பா தடுத்தார். லயத்துக்குப் பதிவுத் தபால் வந்தால் நாலு வீட்டுக்குத் தெரியும், போலீஸ் கடிதம் வந்த மாதிரி ஆகிவிடும் என்றார். அவருடைய பழைய கூட்டாளி, தோட்டத் தலைவராக இருந்தவர், கடிதத்தைக் கையில் கொண்டுபோய்க் கொடுத்து, பிரதியில் பாஸின் கையெழுத்தை வாங்கி வந்தார். போகும்போது இரண்டு வார்த்தையும் சொல்லியிருக்கிறார்: “டீச்சர் சண்டைக்கு நிக்கல. வந்து பாக்கச் சொல்லுது, அவ்வளவுதான்.” இது நடந்தது மார்கழிக் கடைசியில்.

தைப்பொங்கலுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாஸ் வந்தார். கூட மச்சான். வாசலில் நின்றபடி, “சொல்லுங்க டீச்சர்” என்றார், முகம் இறுகியிருந்தது. உட்காரச் சொன்னேன், தேத்தண்ணி கொடுத்தேன். சுவரைப் பற்றி நான் ஒன்றும் பேசவில்லை. குடித்து முடித்ததும் பின்பக்கம் கூட்டிப் போய், அந்தக் குடைக்கம்பியை அவர் கையில் கொடுத்தேன்.

“நீங்களே ஒருக்கா விட்டுப் பாருங்க பாஸ்.”

முதல் குழாயில் விட்டார். நின்றது. கம்பியைத் திருப்பி, முறுக்கி, மறுபடி விட்டார். அடுத்த குழாய்க்குப் போனார். மூன்றாவதில் விடும்போது குந்தி உட்கார்ந்துவிட்டார். நாலாவதைப் பார்க்கவே இல்லை. கொஞ்ச நேரம் கம்பி நுனியில் இருந்த வெள்ளைத் தூளை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“நான் அந்த வாரம் நோர்வூட்ல சிலாப் போடப் போயிட்டேன்” என்றார். “சுவர் எழும்பி வரும்போதே குழாய் வைக்கணும். பையன்க மறந்துட்டானுங்க. பொறகு தொளைச்சு வைங்கடான்னு சொல்லிட்டுப் போனேன். வந்து பாத்தேன், வாய் தெரிஞ்சுச்சு. சரின்னு விட்டுட்டேன்.”

அது உண்மைதான் என்று இன்றும் நினைக்கிறேன். சுவர் எழும்பிய பிறகு மூன்றடிக் கருங்கல்லைத் துளைப்பது எவ்வளவு கஷ்டம் என்று எங்கள் சுவரில் பிறகு பார்த்தேன். வாயை மட்டும் வைத்துப் பூசுவது அரைநாள் வேலை. மேசையில் அந்தக் குழாய் பில் இருந்தது. மீதி 23 அடி எங்கே போனது என்று கேட்டிருந்தால், திருடன் என்று சொன்னதாகத்தான் ஆகும். கேட்கவில்லை. பில்லை அவரும் பார்த்தார், நானும் அவர் பார்ப்பதைப் பார்த்தேன். அது போதும்.

அதன் பிறகு என் தாளை எடுத்து, தாங்கியின் வழிகுழாயையும், காட்டாமல் விட்ட அறிக்கையையும் நானே சொன்னேன். பாஸின் மச்சான்தான் அதுவரை “மேல் வீட்டுக் கூரைத் தண்ணியும்தான் வருது” என்று ஏதேதோ எடுத்துக்கொண்டிருந்தார். இதைச் சொன்னதும் அவரும் பேசாமல் ஆனார். பேரம் ஒரு மணித்தியாலம்கூட எடுக்கவில்லை. வயிறு தள்ளிய நடுப்பகுதி 16 அடியைப் பிரித்துக் கட்டுவது. மிச்சத்தில் துளைபோட்டுக் குழாய் வைப்பது. கூலி முழுக்கப் பாஸ் பொறுப்பு. சீமெந்து, மணல், மெட்டல் கல் (உடைத்த சல்லிக்கல்) பாதிக்குப் பாதி. பழைய கருங்கல்லையே பாவிப்பது. பகல் சாப்பாடு, தேத்தண்ணி எங்கள் பொறுப்பு. புதிதாக ஒரு தாளில் எழுதி நாலு பேரும் கையெழுத்துப் போட்டோம், தலைவர் சாட்சி. பழைய வேலையின் பழுதைத் திருத்தவே இந்த வேலை என்று முதல் வரியில் எழுத வேண்டும் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்தார். எழுதும்போது பாஸ் அந்த வரியைத் திரும்பப் படித்தார். அடிக்கச் சொல்வாரோ என்று பயந்தேன். போட்டுவிட்டார்.

‘சாமான் விலை பாதிக்குப் பாதி’ என்றுதான் எழுதினோம், தொகை போடவில்லை. அது 2022 தை. அந்த வருடம் நாடு என்ன பாடு பட்டது என்று சொல்லத் தேவையில்லை. ஆயிரத்துச் சொச்சமாக இருந்த சீமெந்து மூட்டை வருட நடுவில் மூவாயிரத்தை ஒட்டிப் போனது. ஒரு தொகையை எழுதியிருந்தால், அந்த விலையேற்றம் முழுக்க ஒருவர் தலையில் விழுந்திருக்கும்; விழுந்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார்.

வேலை முறையைப் பற்றி டீ.ஓ. ஐயா ஒரே பிடியாக நின்றார். 16 அடியையும் ஒரேயடியாகப் பிரிக்கக் கூடாது. ஐந்தடி, ஐந்தரை அடியாக மூன்று துண்டு. ஒரு துண்டைப் பிரித்து, பின்னால் ஒரு அடி அகலத்துக்கு மெட்டல் கல் நிரப்பி, கட்டி முடித்து இறுகிய பிறகுதான் அடுத்ததைத் தொடலாம். பாஸுக்கு இது பிடிக்கவில்லை, நாள் கூடும் என்றார். மாசி கடைசியில் தொடங்கி இரண்டு துண்டு முடித்தார்கள். பங்குனி கடைசியில் 13 மணித்தியால மின்வெட்டும் டீசல் வரிசையும். மணல் லொறி வரவில்லை, கடையில் சீமெந்து இல்லை. வேலை நின்றுவிட்டது. ஆனால் நின்றபோது திறந்த வாய் ஒன்றும் இல்லை. கட்டியது கட்டியபடி, பழையது பழையபடி. ஒரேயடியாகப் பிரித்துப் போட்டிருந்தால், 16 அடி அகலப் பச்சை மண்ணைப் பார்த்துக்கொண்டு நாங்கள் மே மாத மழைக்குள் போயிருப்போம். இப்போது சரிவில் வீடு திருத்துகிற யார் என்னிடம் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்கிறேன்.

அந்த இடைவெளியில் எனக்குத்தான் பொறுமை போனது. பாஸ் இரண்டு வாரம் வராவிட்டால் மனம் எதையெல்லாமோ நினைக்கும். போன் எடுத்துத் திட்டாமல் இருக்க ஒரு வழி செய்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் சுவரை ஒரே இடத்திலிருந்து படம் எடுத்து, நூல் அளவையும் எழுதி, வட்ஸ்அப்பில் அனுப்பினேன். திட்டும் இல்லை, கெஞ்சலும் இல்லை. ‘பாஸ், இன்றைக்கு 2¾ அங்குலம். கண்ணாடி உடையவில்லை.’ சில நாள் பதில் வராது. இரண்டு நீலச் சரி அடையாளம் மட்டும் விழும். பார்க்கிறார் என்று தெரியும். கடிதத்தின் பிரதி ஒன்றை ஆடியில் பதிவுத் தபாலிலும் போட்டேன், வழக்கறிஞர் சொன்ன ஓகஸ்ட் நெருங்கியதால். போடுவதற்கு முதல் நாள் பாஸுக்கு எடுத்துச் சொன்னேன்: “இது உங்கள நம்பாம இல்ல பாஸ், எங்க ரெண்டு பேருக்கும் ஒரு காகிதம் இருக்கட்டும்.” “போடுங்க டீச்சர், போடுங்க” என்றார்.

ஆவணியில், மழை ஓய்ந்த ஒரு வாரத்தில் வந்து மூன்றாவது துண்டைப் பிரித்தார்கள். பிரிக்கும்போது பின்னால் இருந்த மண்ணைப் பார்த்தேன். பிட்டுக்குக் குழைத்த மாவைத் தண்ணீர் விட்டுக் கெடுத்த மாதிரி, அள்ளினால் விரலிடுக்கில் வழிந்தது. பாஸ் மகன், இருபது வயது இருக்கும், அதைக் கையில் எடுத்துத் தகப்பனிடம் காட்டினான். பாஸ் ஒன்றும் பேசாமல் குழாயை அளந்து வெட்டினார். ஒவ்வொரு குழாயும் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்து, உள் முனையில் வலைத் துண்டு கட்டி, அதைச் சுற்றி மெட்டல் கல். முன்பு ஒன்பது இருந்த இடத்தில், மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் 18. மூடுவதற்கு முன் ஒவ்வொன்றையும் படம் எடுத்தேன். முதல் தடவை இதைச் செய்யாமல் விட்டதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. கண்ணுக்குத் தெரியும் பூச்சையும் மாபிளையும் நாம் மணிக்கணக்கில் பார்க்கிறோம். மூடிப்போகிற அத்திவாரம், கம்பி, குழாய் எல்லாவற்றையும் யாரோ ஒருவரின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடுகிறோம்.

காசு விஷயமும் அப்படித்தான். 2016இல் பால் காய்ச்சிய அன்றே சந்தோஷத்தில் கடைசி ரூபாய் வரைக்கும் கொடுத்துவிட்டோம். பெரிய கட்டட வேலைகளில் நூற்றுக்கு ஐந்து வீதம் அளவில் பிடித்து வைத்து, ஒரு வருடம் போன பிறகு கொடுப்பது சாதாரண வழக்கம். வீட்டு வேலையில் அதைக் கேட்க நாம் கூச்சப்படுகிறோம். கூச்சப்படத் தேவையில்லை. குறைந்தது ஒரு பருவமழை சுவர் மேல் பெய்து முடியட்டும், கடைசித் தவணை அப்புறம் என்று முதலிலேயே எழுதிவிட்டால் பாஸுக்கும் மனத்தாங்கல் வராது. என் தங்கச்சி பண்டாரவளையில் வீடு கட்டியபோது இப்படித்தான் எழுதினாள். அவளுடைய பாஸ் ஒரு பேச்சும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்.

எங்கள் சுவர் சரியாகிவிட்டது என்பதற்காக நாங்கள் அதை நம்பிப் படுப்பதில்லை. அப்பா நேர்ச்சுவர் உள்ள டின் ஒன்றை முற்றத்தில் வைத்திருக்கிறார், பக்கத்தில் பிள்ளைகளின் அடிமட்டம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம், 150 தாண்டினால் வெளியேற வேண்டும் என்பது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்லும் கணக்கு. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மழை வந்தபோது, 75ஐத் தாண்டியதுமே பாடசாலைக்குப் போய்விட்டோம். அந்த மழை மலையகத்தில் எத்தனை குடும்பங்களைக் கொண்டுபோனது என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

மூன்றாம் நாள் வெயில் பட்ட பிறகு அப்பாவும் நானும் வீட்டைப் பார்க்கப் போனோம். 18 குழாயிலும் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது, சிலதில் சொட்டு, சிலதில் விரல் தடிப்பு. அப்பா ஒவ்வொரு குழாயின் கீழும் கையை ஏந்திப் பிடித்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தார். மண் கலங்கி வந்தால் உள்ளே ஏதோ கரைகிறது என்று அர்த்தம். பதினெட்டும் தெளிந்த தண்ணீர்.

போன் லைன் வந்த அன்று முதலில் வந்த அழைப்பு பாஸுடையது. அவர்கள் லயத்தில் எல்லோரும் கோயிலில் இருக்கிறார்களாம், உயிருக்கு ஒன்றும் இல்லையாம். அதைச் சொல்லிவிட்டுக் கேட்டார்:

“டீச்சர், குழாய் ஓடுதா?”

“ஓடுது பாஸ். பதினெட்டும் ஓடுது.”